தண்ணி லாரி போட்ட கவுன்

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் சந்தில், ஜைதூன் பீ வீட்டு வாசலில் எப்போதும் சின்னச் சின்னச் செருப்புகள் கிடக்கும். எல்லாம் அளவு கொடுக்க வந்த குழந்தைகளுடையவை. அந்த வீட்டில் தைக்கிற கவுனில் குழந்தையின் பேரைப் போட்டுக் கொடுப்பார்கள் என்று மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றியிருந்த அம்மாக்களுக்கெல்லாம் தெரியும். கழுத்துக்குக் கீழே, இடது பக்கம், சங்கிலித் தையலில், தமிழிலோ இங்கிலீஷிலோ போடுவாள். கேட்டால் படமும் உண்டு. மயில், பலூன், ஐஸ்கிரீம் வண்டி என்று அவள் ஊசிக்கு வராத படமே கிடையாது.

தையலை அவள் யாரிடமும் போய்க் கற்றதில்லை. புருஷன் குலாம் முகம்மது தி.நகரில் ஆண்கள் துணி தைக்கும் ஒரு கடையில் கட்டர். கல்யாணமான புதிதில் அவர் கொண்டுவரும் சட்டைகளின் பட்டன் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூத்த பையன் பிறந்ததும் மிச்சத் துணியில் அவனுக்கு ஒரு சட்டை தைத்தாள். தலை நுழையவில்லை. பிரித்துத் தைத்தாள். அப்போதும் நுழையவில்லை. மறுபடி பிரித்தாள். குழந்தை உடம்பு பெரியவர்கள் உடம்பின் சின்ன அளவு இல்லை, அதற்குத் தலை பெரிசு, தோள் சிறிசு, வயிறு முன்னால் தள்ளி நிற்கும் என்பதெல்லாம் அப்படிப் பிரித்துப் பிரித்துத்தான் அவளுக்குப் பிடிபட்டது.

ஒரு கர்வம் அவளிடம் உண்டு. தைத்த கவுனைக் கொடுக்கும்போது முதலில் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவாள். ஒரு நூல் நுனி வெளியே தெரியாது. "மேல பார்க்கறது ஊரு. உள்ள படறது கொயந்த உடம்பு" என்பாள். வாங்கிப்போகிறவர்கள் உள்ளே தடவிப் பார்த்துவிட்டுத்தான் படத்தைப் பார்க்க வேண்டும். அது அவள் வீட்டுச் சட்டம்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் கோடைக்காலம். தெருவுக்கு லாரியில் தண்ணீர் வந்தால்தான் சமையல் என்றிருந்த நாட்கள். வடக்கு மாட வீதிப் பக்கத்திலிருந்து ஜலஜா மாமி தன் பெண் வர்ஷினியை அழைத்துக்கொண்டு வந்தாள். மாமி குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவள். வர்ஷினிக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு வலது கை சரியாக வரவில்லை. முழங்கை மடங்கியே இருக்கும், விரல்கள் மூடியே இருக்கும். அடையாற்றில் ஓர் இடத்துக்குப் போய்ப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

மாமி வந்த காரியத்தைச் சொன்னாள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு ஆயாதான். சாப்பாடு கொட்டிக்கொண்டாலோ, நனைந்தாலோ, குழந்தை தானே உடை மாற்றிக்கொள்ள வேண்டும். ஜூன் மாதத்துக்குள் அது வந்துவிட்டால் பிரச்சினை இல்லை.

"ஆத்துல இதுவரைக்கும் நான்தான் போட்டு விட்டுண்டிருக்கேன், ஜைதூன். கடையில வாங்கறது எல்லாத்துக்கும் பின்னாடிதான் பட்டன். இவ என்ன பண்ணுவா?" என்றாள் மாமி.

ஜைதூன் பீ இரண்டு நாளில் ஒரு கவுன் தைத்தாள். பட்டனே வேண்டாம் என்று கழுத்தை அகலமாக வைத்து எலாஸ்டிக் கோத்திருந்தாள். தலை வழியாகப் போட்டு இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். தன் சாமர்த்தியத்தில் அவளுக்கே சந்தோஷம். வர்ஷினி அதைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "இது பாப்பா சட்டை. எனக்குப் பட்டன் வேணும்" என்றாள்.

மாமி அதட்டினாள். ஜைதூன் பீ தடுத்துவிட்டாள். அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் குழந்தை கேட்டதில் தப்பு எதுவும் தெரியவில்லை. சரி, பட்டன் வைக்கலாம், பேரை எந்த நிறத்தில் போடட்டும் என்று கேட்டாள். பேர் வேண்டாம், தண்ணி லாரி போட வேண்டும் என்றாள் வர்ஷினி. மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற குழந்தை அது. லாரி முனை திரும்பும்போதே முதலில் பார்த்துக் கத்துவது அவள்தான். அவள் கத்தினால்தான் அந்த வரிசை வீடுகளில் குடங்கள் வெளியே வரும். இருந்தாலும் பெண் குழந்தை கவுனில் லாரியா, ஒரு தாமரை போட்டால் போதும் என்று மாமி சொல்லிப் பார்த்தாள்.

"போட்டுக்கப் போறது பாப்பாதானே மாமி" என்றாள் ஜைதூன் பீ.

அடுத்த கவுனுக்கு முன்பக்கம் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பிரஸ் பட்டன் வைத்தாள். ஒட்டுவதற்கு எளிதாக இருந்தது. கழற்றும்போது ஒற்றைக் கையால் வர்ஷினி இழுத்த இழுப்பில் பட்டனோடு துணியும் கிழிந்து வந்தது. குழந்தை கிழிசலைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அழவில்லை. தான் கெடுத்துவிட்டதாக நினைத்து அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஜைதூன் பீ அந்தக் கவுனை வாங்கி மடித்து வைத்தாள். அவர்கள் போனபிறகு மிஷினில் உட்காரப் பிடிக்காமல் வாசலிலேயே நின்றிருந்தாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். அவள் கையால் தைத்த ஒன்று ஒரு குழந்தையைத் தலைகுனிய வைத்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடையிலிருந்து சீக்கிரம் வந்த குலாம் முகம்மது, வீட்டில் ஒரு வேடிக்கையைப் பார்த்தார். ஜைதூன் பீ தன் வலது கையை மடக்கித் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொள்ள இடது கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னா பண்ணிக்கினு கீறே?" என்றார்.

"சட்டை போட்டுக்கினு கீறேன்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. குழம்பை இறக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்தார். நல்ல கையை முதலில் விட்டால் மற்றக் கை மாட்டிக்கொண்டது. கட்டிய கையை முதலில் நுழைத்தால் சட்டை தானாகவே தோளுக்கு வந்தது. துணியோடு ஒட்டித் தைத்த பட்டனைப் பிடிக்கவே முடியவில்லை. உள்ளே விறைப்பான கேன்வாஸ் துணி வைத்த காலர் பட்டன் மட்டும் நழுவாமல் நின்றது. கேன்வாஸை வயிற்றுப் பக்கம் வைத்தால் என்ன என்று அவர்தான் கேட்டார். எழுந்து போய்த் தன் பெட்டியிலிருந்து கோட்டுக்கு வைக்கும் பெரிய கறுப்புப் பட்டன்களைத் தேடிக் கொடுத்தார்.

மூன்றாவது கவுன் அப்படி உருவானது. வலது கைப்பக்கம் தாராளமாகத் திறந்திருக்கும். மூடிய விரல்கள் சிக்காமல் நுழையும். முன்பக்கத்துத் துணி வலமிருந்து இடமாக வந்து வயிற்றின் மேல் படியும். அதன் நுனியில் ஒரு பட்டை, பட்டையின் மேல் நீல நூலில் தண்ணி லாரி. லாரிக்குச் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு காஜா ஓட்டைகள் மட்டும் இருந்தன. அடித்துணியில், கேன்வாஸ் வைத்த இடத்தில், இரண்டு கறுப்புப் பட்டன்கள். பிடிப்பதற்கு வசதியாக நூலைச் சுற்றிச் சுற்றிக் கழுத்துப் போல உயர்த்தி வைத்திருந்தாள். பட்டன் ஓட்டை வழியாக வெளியே வந்தால் லாரிக்குச் சக்கரம் வந்துவிடும்.

வர்ஷினி அதைக் கையில் வாங்கினாள். "லாரிக்குச் சக்கரமே இல்ல" என்றாள்.

"நீதான் மாட்டணும்" என்றாள் ஜைதூன் பீ.

மாமி உதவிக்குக் குனிந்தாள், பிறகு என்ன நினைத்தாளோ நிமிர்ந்துகொண்டாள். முதல் சக்கரத்துக்கு நிறைய நேரம் ஆனது. குழந்தை நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சுவிட்டு, மறுபடி பிடித்தாள். பட்டன் பாதி வந்து திரும்ப உள்ளே போனது. மிஷின் சத்தம் கூட இல்லாமல் அந்த வீடு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. முதல் சக்கரம் வந்தது. இரண்டாவது சுருக்க வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது மாமி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். வர்ஷினி உடனே இரண்டையும் கழற்றி, முதலிலிருந்து மாட்ட ஆரம்பித்தாள். வீட்டுக்குக் கிளம்பச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது.

பள்ளிக்கூடச் சீருடையையும் ஜைதூன் பீ அதே மாதிரி லாரி போட்டுத் தைத்துக் கொடுத்தாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு சிக்கல். சீருடையில் படம் எதுவும் இருக்கக் கூடாது என்றார் தலைமையாசிரியை. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான், ஒருவருக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்று அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாமி கேட்டுக்கொண்டதன் பேரில் ஜைதூன் பீயும் உடன் போனாள். புர்கா அணிந்துகொண்டு, மடிப்புக் கலையாமல் சீருடையைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். வர்ஷினியைப் போட்டுக்காட்டச் சொன்னாள். குழந்தை அந்த அறையிலேயே, உள்ளே போட்டிருந்த பெட்டிகோட்டின் மேல் சீருடையை மாட்டி, சக்கரங்களைப் பொருத்தி, இடது கையைத் தொங்கவிட்டு நின்றாள்.

தலைமையாசிரியை நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். குனிந்து அந்தப் பட்டையைப் பார்த்தார். பிறகு ஜைதூன் பீயிடம், "சீருடை என்ன நீலமோ அதே நீல நூலில் போட முடியுமா? கிட்ட வந்தால்தான் தெரியணும்" என்று கேட்டார்.

"முடியும்மா" என்றாள். அன்றைக்கே போட்டுக் கொடுத்தாள். வகுப்பில் முதல் வாரமே எல்லாக் குழந்தைகளும் கிட்ட வந்து பார்த்துவிட்டார்கள். தலைமையாசிரியை அதைக் கண்டுகொள்ளவில்லை.

அடையாற்றில் வர்ஷினியோடு பயிற்சிக்கு வந்த குழந்தைகளின் அம்மாக்கள் அந்த உடையைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கச்சேரி ரோட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். காலில் இரும்புப் பட்டை போட்ட பையனுக்குப் பக்கவாட்டில் முழுக்கத் திறக்கும் கால்சட்டை, அதில் பட்டம். கை நடுங்கும் பெண்ணுக்குத் தோளில் வளையம் மாட்டும் பாவாடைச் சட்டை, அதில் அவள் வளர்த்த கோழி. எந்த இரண்டும் ஒன்றுபோல இருக்கவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் முதலில் அந்தக் குழந்தை எப்படி உடுத்துகிறது என்று உட்கார்ந்து பார்ப்பாள். சில சமயம் துப்பட்டாவை எடுத்துத் தன் கையையோ காலையோ கட்டிக்கொள்வாள். அவள் பையன்கள் அதற்குப் பழகிப்போனார்கள்.

வேலை கூடக்கூட ஒருத்தியால் முடியவில்லை. தொண்ணூற்றாறில் குலாம் முகம்மது தி.நகர்க் கடையை விட்டுவிட்டு வந்தார். கோட்டும் சூட்டும் வெட்டிய மனுஷன் குழந்தைச் சட்டை வெட்டப் போகிறாரா என்று கடையில் கேலி செய்திருக்கிறார்கள். அவர் சிரித்துவிட்டுத் தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஏறிவிட்டார்.

போன வருஷம் நங்கநல்லூரிலிருந்து ஒருவர் தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போது நான் அங்கே இருந்தேன். வாசல் பக்கம் துணி வெட்டிக்கொண்டிருந்த குலாம் முகம்மதுவைப் பார்த்து, "ஐயா, இங்கே டைலர் நீங்கதானே?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நான் வெட்டற ஆளுங்க. டைலர் உள்ள கீறாங்க" என்றார் அவர். உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். ஜைதூன் பீ வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டு வந்தாள். பெரியவரை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். தான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பையனிடம் அவனுக்கு என்ன படம் பிடிக்கும் என்று கேட்டாள்.