திருப்பி வைத்த தகடு

கோளரங்கத்தில் எல்லோரும் அவளைக் 'குரலம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். இருட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து, குவிமாடத்தில் நட்சத்திரங்களை ஓடவிட்டு, மைக்கில் விளக்கம் சொல்வது அவள் வேலை. தேன் ஒழுகும் குரல். அந்தத் தேனுக்கு அடியில் எவ்வளவு விஷம் கிடந்தது என்பது அவள் தங்கைக்கு மட்டும்தான் தெரியும்.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அவளுக்கு ஒரு கிறுக்கு யோசனை வந்தது. கருந்துளை எல்லாவற்றையும் விழுங்குகிறது; விழுங்கியதை வேறெங்கோ கக்கும் வெண்துளையும் இருக்கலாமே, அது கக்கியதே சுழன்று சுழன்று விண்மீன் மண்டலமாகியிருக்கலாமே என்று. ஆதாரமும் அகப்பட்டது. சுருள் மண்டலங்களின் கைகள் சுழற்சிக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும். யாரும் சீண்டாத ஒரு மங்கல் மண்டலத்தின் படத்தில் மட்டும், அவள் தனியாக அளந்து வைத்திருந்த சுழற்சித் திசைக்கு அவை முன்னால் வீசிக்கொண்டு நின்றன. உள்ளேயிருந்து ஏதோ தள்ளுகிறது! துள்ளிக் குதித்துக்கொண்டு படத்தைப் பேராசிரியரிடம் கொண்டுபோனாள்.

மனுஷர் அப்படியே முழுங்கி ஏப்பம் விட்டார். கட்டுரையில் அவர் பெயர் மட்டும்.

"உன் பேரா? நீ படத்தை எடுத்துக் குடுத்தேம்மா, அவ்வளவுதானே" என்றார்.

அழுதுகொண்டே மேசையைக் காலி செய்தபோதுதான் தொலைநோக்கியில் அந்தப் படம் பதிந்த மூலக் கண்ணாடித் தகடு கையில் சிக்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிரதி எடுத்தபோது தகட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்திருக்கிறாள். இடம் வலமாகிவிட்டது. கைகள் ஊர் உலகத்து மண்டலங்களைப் போலப் பின்னால்தான் இழுபடுகின்றன. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஏறட்டும்டி. எவ்வளவு உசரம் ஏறுறானோ ஏறட்டும்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.

அவரும் ஏறினார். அவ்வளவு மங்கலான மண்டலத்தை மறுபடி படமெடுத்துச் சரிபார்க்க யாரும் மெனக்கெடவில்லை. விருது, பதவி, போகிற இடமெல்லாம் கைதட்டல். கடைசியில் ஓய்வு பெறும் உரைக்கு இந்தக் கோளரங்கத்துக்கே வந்து சேர்ந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை. "அந்தப் படத்தை நல்லாப் பெருசாப் போடும்மா" என்றார். அதே 'ம்மா'. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"விட்டுத் தொலையேன்க்கா. வயசான ஆளு, போயிட்டுப் போறாரு" என்று தங்கை போனில் கெஞ்சினாள்.

"நீ போனை வைடி."

பெரிதாகவே போட்டாள். அவர் கையை ஆட்டி ஆட்டி வெண்துளையைப் பற்றி முழங்கி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு தேன் குரலில், "புதிய தொலைநோக்கி எடுத்த அதே மண்டலம் இதோ" என்று இன்னொரு படத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பழைய படத்தை மெதுவாகத் திருப்பினாள். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின.

முன்வரிசையில் யாரோ எழுந்தார். "சார், தகட்டைத் திருப்பிப் போட்டிருக்கீங்களே! அப்ப இத்தனை வருஷமா நீங்க சொன்னது?"

சிரிப்பு கிளம்பியது. பேராசிரியர் இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார்.

"நான் இல்லைங்க! என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு பண்ண தப்பு. படம் எடுத்தது அவ. யோசனையே அவளோடதுதான், எனக்கு என்ன தெரியும்?" என்று பதறி, அவள் பெயரையும் சொன்னார். முழுப் பெயராக, இனிஷியலோடு.

குரலம்மா மைக்கை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"நான்தாங்க அது. தப்பு என்னோடது. யோசனையும் என்னோடதுதான்னு சாரே சொல்லிட்டாரு" என்றாள். பிறகு அரங்கத்து விளக்குகள் அத்தனையையும் போட்டாள். அவர் முகத்தை எல்லோரும் பார்க்க வேண்டுமே.