நாலு செடி, ஒரு ஆள்

லாயிட் பிக்கரிங் தன் எழுபத்தோரு வயதுக்குள் ஒரே ஒரு முறைதான் சட்டத்தை மீறினார். அது இருபத்தாறு நாள் நீடித்தது. அதைக் கண்டுபிடித்து அவரிடமே சொன்னவள் நான். அந்தப் பெருமை எனக்கு வேண்டவே வேண்டாம்.

கான்பெராவின் கம்பா பகுதியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு பலகை வேலி. இருபத்திரண்டு வருடமாக அந்த வேலிதான் எனக்குத் தொலைக்காட்சி. லாயிட் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு எரியும்வரை நடைபாதையில் நிற்பார். அவரைப் போய் கஞ்சா வளர்க்க வைத்தாளே, அவர் மனைவி நோலீனை என்ன சொல்வது!

நோலீனுக்கு இடுப்பு வலி. மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கின, அதனால்தான் கஞ்சா. எங்கள் ஊரில் ஆளுக்கு இரண்டு செடி வளர்க்கலாம், வீட்டுக்கு நான்குக்கு மேல் கூடாது, விளக்கு வைத்து வளர்க்கக் கூடாது, அடுத்தவருக்கு ஓர் இலைகூடத் தரக் கூடாது. லாயிட் அந்தச் சட்டத்தை அச்செடுத்து, துளை போட்டு, கோப்பில் வைத்த பிறகுதான் மண்ணைத் தொட்டார். விதை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

முதல் வருடம் செப்டம்பரிலேயே நட்டார்கள். ஒரே உறைபனியில் எல்லாம் கருகிப்போயின. நவம்பர் முதல் வாரம் நடக்கும் மெல்பர்ன் குதிரைப் பந்தயம் முடியாமல் இங்கே யாரும் தக்காளிகூட நட மாட்டார்கள். அது அவர் வாங்கிய புத்தகத்தில் இல்லை. மறு வருடம் பந்தயத்துக்கு மறுநாள் நட்டார்கள். வேலியோரம் லாயிட்டின் இரண்டு செடிகள். அளந்த இடைவெளி, அளந்த தண்ணீர், வாரம் ஒருமுறை நாடா வைத்து உயரம் குறிப்பார். தண்ணீர்த் தொட்டியருகே நோலீனின் இரண்டும் கோணல்மாணலாக நின்றன. தேநீர்ச் சக்கை, மீன் கழுவிய தண்ணீர் என்று கைக்கு வந்ததையெல்லாம் கொட்டுவாள்.

"இப்படி ஊத்துனா வேர் அழுகிடும்னு புத்தகத்துல போட்டிருக்கு, நோலீன்."

"அப்ப புத்தகத்துக்கு ஊத்தாம விடுய்யா. இது செடி, குடிக்கும்."

பிப்ரவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே போய்விட்டாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். செடிகள் அப்போது இன்னும் பூக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. மகள் பெர்த்தில் இருக்கிறாள், ஞாயிறு தோறும் கூப்பிடுவாள். மற்ற ஆறு நாளும் லாயிட்டின் குரலை நான் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும் கொல்லையில் யாரிடமோ பேசுவது கேட்டது. எட்டிப் பார்த்தேன். நோலீனின் தொலைபேசி இணைப்பை நிறுத்தச் சொல்லி அழைத்திருந்தார். "காத்திருந்ததற்கு நன்றி" என்று சொன்ன இயந்திரக் குரலுக்கு, "பரவாயில்லம்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டுமென்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

"என்ன லாயிட், ஒத்தை ஆளு நாலு செடி வச்சிருக்கீங்க! போலீஸைக் கூப்பிடவா?"

அவர் சிரிக்கவில்லை. செடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "ஆமா இல்ல," என்றார். "ஒருத்தன்தானே இருக்கேன்."

அதுவரை அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். சொல்ல வைத்த என் நாக்கை அறுத்துப் போடலாம்.

மறுநாள் ஆப்பிள் கேக் செய்து எடுத்துக்கொண்டு சமாதானம் பேசப் போனேன்.

"லாயிட், நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். அப்படியே இருக்கட்டும். யாரு வந்து எண்ணப் போறா?"

"நான் எண்ணுறேனே, ரோண்டா. காலையில எந்திரிச்சதும் எண்ணுறேன். நாலு இருக்கு."

"அது அவ வச்சது லாயிட். பூக்கிற வரைக்குமாவது விடுங்க."

"அவ இங்க இல்லையே," என்றார். "இருக்கான்னு பொய் சொல்லணுமே. யாரும் கேக்கலன்னாலும் பொய்தானே?"

கேக்கை இரண்டாக வெட்டி ஒரு பாதியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். முழுசாகத் தன்னால் தின்று தீர்க்க முடியாதாம்.

அதன்பின் ஒரு வாரம், காலையில் மண்வெட்டியோடு வருவார், தொட்டியருகே நிற்பார், திரும்பிப் போவார். நோலீனின் செடிகளில் வெள்ளை நூல் நூலாகப் பூ விட ஆரம்பித்திருந்தது. வாசனை என் சமையலறைவரை வந்தது. அவர் புகைப்பவரும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. அந்தச் செடிகளால் அவருக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. ஆனாலும் அவற்றை வெட்டினால் அந்த வீட்டில் அவளுடையது என்று உயிரோடு எதுவும் மிஞ்சாது. அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

மார்ச் கடைசியில் ஒரு காலை, மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. வேரறுபடும் சத்தமும் கேட்டது. காபியை அப்படியே வைத்துவிட்டு வேலிக்கு ஓடினேன்.

வேலியோரம் இரண்டு குழிகள். அளந்து நட்டு, அளந்து வளர்த்த அவருடைய செடிகள் இரண்டும் குப்பைத் தொட்டியில் தலைகீழாகக் கிடந்தன. என் தோள் உயரம் இருக்கும், ஓர் இலைகூடப் பழுத்திருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே நோலீனின் கோணல் செடிகள் பூவோடு அப்படியே நின்றன.

"ஐயோ லாயிட், உங்களோடதையா புடுங்கிட்டீங்க?"

மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் காலணியால் தட்டிவிட்டார்.

"ஒரு ஆளுக்கு ரெண்டுன்னுதான் சட்டத்துல இருக்கு, ரோண்டா. எந்த ஆளோடதுன்னு போடல."