நேத்து ஒலையில என்ன போட்டீங்க?

கீரனூர் ஆண்டியப்பனுக்கு அது தற்காலிக வேலைதான். 1958இல் ஊர் ஊராகப் போய், குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்று கேட்டு எழுதும் சர்வே வேலை. முந்தைய வேலை ஆறே மாதத்தில் போய்விட்டது. இரண்டு பெண் குழந்தைகள் வேறு. அதனால் படிவத்தில் அச்சிட்ட கேள்வியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்ற விதியை அவர் மீறியதே இல்லை.

கந்தர்வக்கோட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில் அந்த விதியே அவரைப் படுத்தி எடுத்தது. மழை பொய்த்த வருஷம் அது. "கடந்த முப்பது நாட்களில் என்ன தானியம் சமைத்தீர்கள்?" என்று படித்தால், ஆண்கள் எல்லாரும் "நெல்லுச்சோறுதாங்க" என்றார்கள். பக்கத்திலேயே வரகு காய்ந்துகொண்டிருக்கும். பதினேழு படிவங்கள், பதினேழிலும் நெல். மரத்தடியில் உட்கார்ந்து இவனே எழுதிவிட்டான் என்று அதிகாரி நினைக்கமாட்டாரா?

பதினெட்டாவது வீட்டில் மலையாண்டியும் நெல் என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார். ஆண்டியப்பன் அவர் மனைவி சின்னப்பிள்ளையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆத்தா, நேத்து ஒலையில என்ன போட்டீங்க?"

"நேத்தா? வரகு."

"அவரு நெல்லுன்னாரே?"

"வெளியூரு ஆளுககிட்ட வரகுன்னு சொல்லுவாகளா? கொறச்சலால்ல இருக்கும்!"

படிவத்தில் நெல் என்றும், ஓரத்தில் பென்சிலால் வரகு என்றும் எழுதினார். முன்பு கேட்ட வீடுகளுக்கும் திரும்பப் போய்ப் பெண்களிடம் கேட்டார். பதினான்கு வீடுகளில் பதில் மாறியது.

மறுவாரம் மேற்பார்வை அதிகாரி ஞானமணி ஜீப்பில் வந்து இறங்கினார். பென்சில் எழுத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"கேள்விய மாத்த ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

அதிகாரி நேராக மலையாண்டி வீட்டுக்குப் போய், சின்னப்பிள்ளையிடமே கேட்டார். கணவர் பக்கத்தில் நின்றார். அவள் தலை நிமிராமல், "நெல்லுதாங்க" என்றாள்.

வேலை போயிற்று என்றே ஆண்டியப்பன் நினைத்தார். ஆனாலும் ஜீப்பை நோக்கி நடந்த அதிகாரியின் பின்னால் ஓடினார். "ஐயா, அவரு பக்கத்துல நின்னா அந்தம்மா எப்படிங்க சொல்லும்? சமைக்கிறவங்கள தனியாக் கேளுங்க. நேத்தைக்கு மட்டும் கேளுங்க."

ஞானமணி நின்றார். அடுத்த வீட்டில் ஒருத்தி தனியாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஆண்டியப்பன் சொன்னபடியே அவளிடம் கேட்டார்.

"கேப்பைக்கூழுங்க" என்று பட்டென்று பதில் வந்தது.

அவர் படிவங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதம், தபால்காரரைக் கண்டாலே ஆண்டியப்பன் வாசலுக்கு ஓடினார். கடைசியில் மெமோ வந்தது: அனுமதியின்றிக் கேள்வியை மாற்றியதற்காக எச்சரிக்கை. அதை மனைவி தங்கமுத்துவிடம் காட்ட மூன்று நாளாயிற்று.

அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள். புதுப் படிவத்தைப் பிரித்தார். நான்காம் கேள்வி: "நேற்று என்ன சமைத்தீர்கள்? சமைத்தவரிடம் தனியாகக் கேட்கவும்." இரண்டு முறை படித்துவிட்டு, கந்தர்வக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.