அலகு குத்திய வாயால் நான் சொன்ன பாதிச் சாட்சி

இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என் மனைவி சாந்தி குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. "என்னங்க, முடியலைங்க," என்றாள். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. உதடு நீலம் பூத்திருந்தது.

கோவிட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். சிமெண்ட் லோரி ஓட்டுகிறவன். ஊரடங்கிலும் எனக்கு வேலை இருந்தது. எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், அதோடு சரி. அவளை அது பிடித்துக்கொண்டது. எங்கள் இருவர் கையிலும் பிங்க் பட்டை கட்டியிருந்தார்கள், வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஆம்புலன்ஸ் வந்தபோது பிளாட்டில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. முழுப் பாதுகாப்பு உடுப்புப் போட்ட இரண்டு பேர் அவளை இறக்கிக்கொண்டு போனார்கள். கூட வருகிறேன் என்றேன். "அங்கிள், யூ ஸ்டே," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். செந்தூல் மணியத்தின் பெண்சாதி ஊசியே போடாமல் முருகன் அருளால் பிழைத்து வந்தாள் என்று கோயிலில் பல பேர் பேசினீர்கள். ஆண்டு மலருக்கு அதை எழுதச் சொல்லிச் செயலாளர் மூன்று வருடமாகக் கேட்கிறார். எழுதாமல் தட்டிக்கழித்தேன். உங்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. அந்தப் பாதியைச் சொன்னவனும் நான்தான்.

என்னை எல்லாரும் காவடி மணியம் என்பீர்கள். இருபத்திரண்டு வருடம் பத்துமலையில் காவடி எடுத்திருக்கிறேன். கன்னத்தில் வேல், நாக்கில் வேல், முதுகு நிறையக் கொக்கி. படி ஏறும்போது சுற்றியிருப்பவர்கள் என் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அது என்ன செய்யும் தெரியுமா? மண்டைக்கனம் ஏறும். ஏறியது. பெருந்தொற்றால் அந்த வருடம் தைப்பூசத்துக்குக் காவடி கூடாது என்றார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. சரி, ஆடிக் கிருத்திகைக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து கணக்கை நேர் செய்கிறேன் என்று மாலை போட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊசி வந்தது. லோரி கம்பெனியில் ஆளுக்கு ஒரு கதை. போட்டால் கை விளங்காது என்பான் ஒருத்தன். அது வந்தால்தான் நம் பிழைப்புத் திறக்கும், எப்போது என் தேதி வரும் என்று போனைத் தடவிக்கொண்டே இருப்பான் இன்னொருத்தன். இளசுகள் ஊசி போட்ட கையைப் படம் எடுத்துப் போட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு போனவர்களும் உண்டு. எனக்கும் சாந்திக்கும் ஒரே நாளில் தேதி வந்தது. விரதம் தொடங்கி ஐந்தாவது நாள்.

நான் போகவில்லை. பயம். இன்றைக்குச் சொல்கிறேன், வெறும் பயம். முதுகில் கொக்கி மாட்டி ரதம் இழுத்தவனுக்கு ஒரு சின்ன ஊசியைக் கண்டு பயம். அதை வெளியே சொல்ல முடியுமா? விரதத்தின் மேல் பழியைப் போட்டேன். கோயில் வாட்ஸ்அப் குழுவில் என் குரலைப் பதிவு செய்து போட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மணியம் பேசுறேன். இருபத்திரண்டு வருஷமா அலகு குத்துறேன், ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல. என்னைக் காப்பாத்துறவன் மலையில நிக்கிறான். இந்த ஊசில என்ன கலந்திருக்கான்னு யாருக்குத் தெரியும்? விரதத்துல இருக்கிற உடம்புலா இது. கண்டதை ஏத்த மாட்டேன்."

கைகூப்பும் படங்கள் கொட்டின. நீங்கள்தான் போட்டீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சாந்தியிடமும் நீயும் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய் என் விரதச் சமையலைப் பார்த்தாள்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு சாமி அறையில் தரையில் விழுந்து கிடந்தேன். முருகா, அவளைக் கொடுத்துவிடு, என்னை எடுத்துக்கொள் என்று கத்தினேன். அவள் மடித்து வைத்த துணி அப்படியே கட்டிலில் இருந்தது. மூன்று நாள் ஆக்சிஜன் கூட்டிக்கொண்டே போனார்கள். நீங்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் விளக்கேற்றி அவளுக்காக வேண்டிக்கொண்டீர்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

ஐந்தாம் நாள் காலை போன் வந்தது. சாந்தியே பேசினாள். குரல் தேய்ந்திருந்தது. "கஞ்சி குடிச்சேன்," என்றாள். நான் ஓவென்று அழுதேன். என் முருகன் என்னைக் கைவிடவில்லை. அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தச் சூட்டிலேயே குழுவில் இரண்டாவது குரல் பதிவைப் போட்டேன். "பாத்தீங்களா? ஊசி இல்ல, ஒண்ணும் இல்ல. வேல் காப்பாத்திடுச்சு. நம்புனவங்களுக்கு இதுதான் சாட்சி."

மறுநாள் வார்டு டாக்டர் கூப்பிட்டார். தமிழ்ப் பெண். சாந்தியை வீட்டுக்கு அனுப்புவது பற்றிப் பேசினார். பேச்சோடு பேச்சாக, "ரெண்டு டோஸும் முடிஞ்சிருக்கு, நல்லதாப் போச்சு அங்கிள்," என்றார்.

"இல்ல டாக்டர். அவ போடல."

"போட்டிருக்காங்களே அங்கிள். ரெண்டு தேதியும் இங்க ரெக்கார்ட்ல இருக்கு."

அப்போதுதான் நினைவு வந்தது. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறேன் என்று சாந்தி ஒரு நாள் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போனாள். பல் வலி, கிளினிக் போய் வருகிறேன் என்று இன்னொரு நாள். இரண்டு நாளும் வந்ததும் குளித்துவிட்டு எனக்கு விரதச் சோறு போட்டாள். கை வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அதனாலதான் பொழச்சாளா டாக்டர்?" என்று கேட்டேன்.

"போடாம இருந்தா என்ன ஆயிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இந்த வார்டுல யாரு வீட்டுக்குப் போறாங்க, யாரு போகலன்னு தினமும் பாக்குறேன் அங்கிள்," என்றார்.

சாந்தி வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை? "சொன்னா விட்டிருப்பீங்களா?" என்றாள். பிறகு, "குழுவுல போட்டதை மாத்திச் சொல்லிடுங்க. நம்ம ராஜு அண்ணனுக்கு அடுத்த வாரம் தேதி வந்திருக்கு. கமலாகிட்ட நான் போட்டதைச் சொல்லிட்டேன். ஆனா அவரு உங்க வாயிலருந்து வந்தாத்தான் கேப்பாரு," என்றாள்.

கமலா என் ஒரே தங்கை. கிள்ளானில் இருக்கிறாள். அவள் புருஷன் ராஜு பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி உள்ளவர். என் முதல் பதிவைக் கேட்டு ஒரு தேதியை விட்டுவிட்டார். இது அவருக்கு இரண்டாவது தேதி. நான் காவடி எடுத்த இருபத்திரண்டு வருடமும் எனக்கு முன்னால் தண்ணீர்ச் சொம்போடு நடந்து வந்தவர் அந்த மனுஷன்.

சொல்கிறேன் என்றேன். கிருத்திகை முடியட்டும் என்று நினைத்தேன். கிருத்திகை அன்று பூஜையை நேரலையில் காட்டினார்கள். குருக்கள் என் பெயரைச் சொல்லி, மணியம் வீட்டில் முருகன் செய்த அற்புதம் என்றார். போன் முழுக்க வாழ்த்து. அந்த நிமிஷத்தில் எப்படிச் சொல்வேன், என் பெண்சாதி எனக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டாள் என்று? சிரிக்க மாட்டார்களா? நாளை சொல்லலாம். நாளை மறுநாள் சொல்லலாம். ராஜுவே என்னைக் கூப்பிட்டார். "மச்சான், போகவா வேண்டாமா? கமலா நச்சரிக்கிறா," என்றார். உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. "உங்க இஷ்டம்லா மச்சான்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். போகவில்லை.

மூன்று வாரம் கழித்து ராஜு கோவிட்டில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். நான் அதே சாமி அறையில், அதே தரையில், அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினேன். வாய்தான் அசைந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? பத்தாம் நாள் காலை கமலா கூப்பிட்டாள். அழவில்லை. "அவரு போயிட்டாரு," என்று மட்டும் சொன்னாள். முகத்தைக்கூடக் காட்டவில்லை, பெட்டியை மூடித்தான் எடுத்துப் போனார்கள். தகனத்தை வீடியோ காலில் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் எனக்குத் தண்ணீர் ஊற்றியவருக்கு என் கையால் ஒரு பிடி அரிசிகூடப் போட முடியவில்லை.

ஊசி போட்டிருந்தால் ராஜு பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் போகலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். அது எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை விழுங்கியது எதற்காக? நாலு பேர் போட்ட கைகூப்பும் படத்துக்காக. தூ!

கருமாதி முடிந்த மறுநாள் நான் போய் ஊசி போட்டுக்கொண்டேன். ஒரு மண்டபத்தில் வரிசையாக நாற்காலி. நர்ஸ் பெண் என் கன்னத்துத் தழும்பைப் பார்த்துவிட்டு, "அங்கிள் காவடி எடுப்பீங்களா? அப்ப இது உங்களுக்கு ஒண்ணுமே இல்ல," என்று சிரித்தாள். ஒன்றுமே இல்லைதான். எறும்பு கடித்ததுபோல் இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வலிக்கிறதோ என்று அவள் பயந்து போனாள்.

எல்லாம் தெரிந்தும் ராஜு கேட்டபோது மறைத்தேன் என்று கமலாவிடம் சொல்ல எனக்கு மேலும் ஒரு வருடம் பிடித்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியது ஒரே முறை, போன மாதம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

"எம் பொண்ணுக்கு நீதான் தாய்மாமன். அதை நான் மாத்த முடியாது," என்றாள். "ஆனா ஊருக்கு முன்னாடி சாட்சி சொன்ன வாயி, ஊருக்கு முன்னாடியே மிச்சத்தையும் சொல்லட்டும். அப்புறம் மாலையை எடுத்துட்டு வா."

அதனால்தான் எழுதுகிறேன். செயலாளர் இதை அச்சிடுவாரோ மாட்டாரோ. அச்சிடாவிட்டால் கோயில் வாசலில் நின்று படிப்பேன்.

அடியார்களே, என் முருகன் என் வேண்டுதலைக் கேட்டான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. நான் சாமி அறையில் விழுந்து கத்துவதற்கு முன்னாலேயே, பாசாருக்குப் போகிறேன் என்று பொய் சொன்ன என் பெண்சாதியின் புத்தியில் உட்கார்ந்து அவளைக் காப்பாற்றினான். அவனுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. நான் இப்போது காவடி எடுப்பதில்லை. பூசத்தன்று ராஜு வைத்திருந்த சொம்பை எடுத்துக்கொண்டு, யாராவது ஒருவரின் காவடிக்கு முன்னால் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நடக்கிறேன். நீங்களும் அவனை நம்புங்கள். கேளுங்கள், கொடுப்பான். ஆனால் அவன் எந்த வழியாகக் கொடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரோ ஒருத்தர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்.

என் அந்த இரண்டு குரல் பதிவும் இன்னும் உங்கள் போனில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். ராஜுவின் போனில் இருப்பதை மட்டும் கமலா அழிக்காமல் வைத்திருக்கிறாள். அழித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை.