பென்ஸ் பார்க்கப் போன அம்மா

என் அம்மா புஷ்பவதி கோபக்காரி. திருகோணமலை கண்டி வீதியில் எங்கள் கடைக்கு வந்துபோகிற வான்காரர், பஸ்காரர் எல்லோருக்கும் இது தெரியும். வாகனங்களில் ஆட்கள் இருக்கிற சீற்றுகளைப் பிரித்து, பழைய ஸ்பொஞ்சைக் கழற்றி, தோல் மாதிரித் தெரிகிற றெக்சினில் புது உறை தைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். கிழிந்த சீற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "நாளைக்கு வேணும் அக்கா" என்று கேட்பவனை அம்மா நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். மெஷினை மிதித்தபடியே, "கிழியும்வரைக்கும் குந்தியிருந்தனீதானே, இன்னும் ரெண்டு நாள் அதிலயே குந்தியிரு" என்பார். அவன் சிரித்துக்கொண்டு போவான். சொன்ன நாளில் திரும்பி வருவான். அம்மா தைத்தது பிரியாது.

ஈச்சிலம்பற்றை விட்டு ஷெல்லடிக்குள் ஓடிவந்தபோது நான் அவருடைய இடுப்பில் இருந்தேன். அக்கா கீர்த்தனி சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தாளாம். அகதி முகாமிலிருந்து அம்மா நகரத்துக்கு வேலை தேடிப் போனார். ஒரு சீற் கடையில் நூல் முனை வெட்டுகிற வேலை கிடைத்தது. ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற இடம். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் யாரும் அரிசி கொண்டுவந்து தரவில்லை. கடைக்காரர் கொழும்புக்குப் போனபோது, மெஷினையும் வாடகைக் கடையையும் அம்மா எடுத்துக்கொண்டார். அக்கா பட்டம் படித்து ஆசிரியையானது அந்த மெஷினின் சத்தத்தில்தான்.

அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை கஜீபன் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் அதிகாரி. தகப்பன் பாக்கியரத்தினம் மதகும் வீதியும் கட்டுகிற ஒப்பந்தகாரர். பெண் பார்க்க அவர்கள் வருவதற்கு முன், கலியாணத் தரகர் அப்பாவை வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா என்ன செய்யிறா எண்டு கேட்டா, வீட்டில சட்டை தைக்கிறா எண்டு சொல்லுங்கோ. பஸ் சீற் கதையை எடுக்காதேங்கோ. அவையள் பெரிய இடம்."

அப்பா இராசையா துறைமுக வாசலில் காவலாளி. உள்ளே வருகிறவனுக்கும் வெளியே போகிறவனுக்கும் ஒரே மாதிரித் தலையசைக்கிறவர். அவர்கள் வந்து கேட்டபோது அப்படியே சொல்லிவிட்டார். குசினிக்குள் நின்ற அம்மாவுக்குக் கேட்டது. அவர்கள் போனபின் வீடு அதிர்ந்தது.

"சட்டை தைச்சோ பிள்ளையளைப் படிப்பிச்சனான்? என்ர கையைப் பாரும். இது சட்டை தைச்ச கையோ?"

"கலியாணம் முடியுமட்டும்தானே. பிறகு மெல்லமாச் சொல்லுவம்" என்றார் அப்பா.

அக்கா கஜீபனோடு அப்போதே போனில் கதைக்கத் தொடங்கியிருந்தாள். கதைத்துவிட்டு வரும்போது அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அம்மா ஒரு கோபத்தை முழுதாக விழுங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சீதனம் ஒரு சதமும் வேண்டாம் என்று பாக்கியரத்தினம் சொன்னது நாங்கள் இருக்கிற அன்புவழிபுரம் முழுக்கப் பரவியது. நல்ல மனிசர் என்றார்கள். நாள் குறித்து, மண்டபமும் பேசிய பிறகு, அதே நல்ல மனிசர் அப்பாவுக்குப் போன் எடுத்தார். அவரிடம் ஒரு கறுப்பு பென்ஸ் இருக்கிறது. பிள்ளைகளுக்கென்றே வைத்திருந்தது. வெளியாளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நாங்கள் அதை வாங்கி அக்காவின் பெயரில் எழுதிவிட்டால் கார் குடும்பத்துக்குள்ளேயே நிற்கும். விலையைக் கேட்டால், அக்காவுக்கென்று வைத்திருந்த காணியை விற்றால்தான் சரிவரும் போலிருந்தது. இப்ப நாட்டில் பழைய காருக்கு இதுதான் விலை, விசாரித்துப் பாருங்கோ என்றாராம்.

சீதனம் கேட்கிறவனுக்குக் கேட்கும் நேரத்திலாவது கொஞ்சம் கூச்சம் இருக்கும். விற்கிறவனுக்கு அதுவும் தேவையில்லை. மறுத்தால், நாங்கள் ஒரு சாமானை வாங்க மறுத்தவர்கள். அவர் எதையும் கேட்காதவர். இதை யோசிக்க யோசிக்க என் காதுமடல் சுட்டது. அதை வாய்விட்டுச் சொல்வதற்கு அம்மா இருந்தார்.

"கத்தரிக்காய் வாங்கினாலும் அமத்திப் பார்த்துத்தான் வாங்குறன். காரையும் பார்க்கவேணும்."

"சம்பந்தி வீட்டுச் சாமானைச் சோதிக்கிறதோ? என்ன நினைப்பினம்?" என்றார் அப்பா.

"எங்கட பிள்ளையை நடக்கச் சொல்லிப் பார்த்தவை. தலைமயிர் சொந்தமோ எண்டு மாப்பிள்ளையின்ர பெரியம்மா இழுத்துப் பார்த்தவ. கார் கொஞ்சம் நடந்து காட்டட்டும்."

பக்கத்துக் கராஜ் றிகாஸைக் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவானது. கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவன். மெக்கானிக் என்று சொன்னால் சம்பந்தி வீட்டில் கோபிப்பார்கள் என்பதால் எங்களை ஏற்றிவந்த வான் டிரைவர் என்று சொல்வது அப்பாவின் ஏற்பாடு. "வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போடுற சேட்டைப் போட்டிருக்கன் புஷ்பாக்கா, காருக்குக் கீழ படுக்கச் சொல்லிராதீங்க" என்று சொல்லிக்கொண்டுதான் அவன் வானில் ஏறினான்.

பாக்கியரத்தினத்தின் வீடு உட்துறைமுக வீதியில். முற்றத்தில் நின்றால் மதிலுக்கு மேலால் கடல் தெரியும், நங்கூரமிட்ட ஒரு கப்பல் தெரியும். அதையெல்லாம் பார்க்க விடாமல் நடுமுற்றத்தில் பென்ஸ் நின்றது. முன்பக்கம் மாலை. கண்ணாடியில் சந்தனம். நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய்.

"விடியவே பூசை போட்டாச்சு தங்கச்சி. தேசிக்காயை நசிச்சுக்கொண்டு எடுத்துப் போறதுதான் மிச்சம்" என்றார் பாக்கியரத்தினம்.

"பார்க்கிறதுக்கு முதலே பூசையோ அண்ணை?"

"நல்ல நேரம் போயிடுமெல்லே."

அப்பா மாலை போட்ட காரைப் பார்த்துக் கைகூப்பினார். பழக்கதோஷம். மாலை போட்டதை வேண்டாமென்று சொல்வது சாமியை வேண்டாமென்று சொல்கிற மாதிரி. அதைத் தெரிந்துதான் போட்டிருந்தார்கள். அம்மாவின் கழுத்து நரம்பு எழும்புவதைக் கண்டேன்.

றிகாஸ் இன்ஜினை மூடியிருந்த பொனற்றில் உள்ளங்கையை வைத்து உடனே எடுத்தான். "ஐயா, இப்பத்தான் நல்லா ஓடின மாதிரி இரிக்கி. சூடு."

"கோயிலுக்குப் போய் வந்ததுதானே."

கோயில் தெருமுனையில் இருந்தது. குளிர்ந்த இன்ஜின் எங்கள் முன்னால் ஸ்டார்ட் ஆகாமல் முக்கிக் காட்டிக்கொடுப்பதை அவர்கள் விரும்பவில்லை. அது எனக்கே விளங்கியது.

மீற்றர் எண்பதாயிரம் கிலோமீற்றர் காட்டியது. றிகாஸ் குனிந்து பிறேக் மிதியைக் காட்டினான். றப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது. "எண்பதாயிரத்துக்கு இப்பிடித் தேயுமா ஐயா?"

"எங்கட டிரைவர் கொஞ்சம் பாரமான ஆள்."

"அப்ப ஸ்டியரிங்கையும் அவர் காலாலதான் பிடிச்சவரோ? அதுவும் தேஞ்சிரிக்கி."

பாக்கியரத்தினத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "தம்பி, நீங்கள் டிரைவர்தானே? அங்கால நிழலில நில்லுங்கோ, தேத்தண்ணி தருவினம்."

றிகாஸ் அதற்குள் பொனற்றைத் திறந்து இன்ஜின் ஒயில் மூடியைக் கழற்றியிருந்தான். மூடியின் உட்புறம் வெளிறிய மண்ணிறத்தில் பிசுபிசுவென்று இருந்தது. அதை அவருக்கு நேரே நீட்டினான். "தேத்தண்ணி இஞ்ச இரிக்கி ஐயா. பால் போட்டது. ஒயிலுக்குள்ள தண்ணி கலந்திரிக்கி."

"இராசையா அண்ணை, இது என்ன கதை? ஆளை வைச்சு எங்கட வாசலிலயே எங்களைச் சோதிக்கிறியளோ?"

"ஐயோ இல்லை, பெடியன் சும்மா..." என்று அப்பா தொடங்கினார்.

இவ்வளவு நேரமும் அம்மா சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார். வாசனைப் போத்தலின் நெடி வெளியே நின்ற எனக்கே மூக்கில் ஏறியது. அம்மா சீற்றை அழுத்திப் பார்த்தார். ஓரத்தைத் தடவினார். பிறகு குனிந்து சீற்றுக்கு அடியில் கையை விட்டார். கை அங்கேயே நின்றது. அம்மா என்னைப் பார்த்தார். நான் குனிந்து பார்த்தேன். கறுப்பு றெக்சினின் அடி மடிப்பில் நீல நூல்.

போன மார்கழி வெள்ளம் வடிந்து சில கிழமைகளில் ஒரு லொறிக்காரன் எங்கள் கடையில் சீற்றுகளை மட்டும் இறக்கிவிட்டுப் போனான். யாருடையவை என்று சொல்லவில்லை. கார் எதுவென்றும் நாங்கள் காணவில்லை. உறையைப் பிரித்தபோது ஸ்பொஞ்சுக்குள்ளிருந்து ஆற்றுச் சேறு வழிந்தது. ஒரு செத்த மீன்குஞ்சும் விழுந்தது. நாற்றத்தில் பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வந்தார். அம்மா அந்த லொறிக்காரனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு, கம்பிகளைக் கழுவிக் காயவைத்து, புதிதாகத் தைத்துக் கொடுத்தார். கறுப்பு நூல் முடிந்துபோனதால் "ஆர் குனிஞ்சு பார்க்கப்போகினம்" என்று அடி மடிப்புகளை நீல நூலால் தைத்தார்.

பெண் எடுக்கிற வீட்டில் யார் எதைத் தைக்கிறார்கள் என்று பாக்கியரத்தினம் ஒரு நாளும் விசாரிக்கவில்லை. அப்பா சொன்ன பொய் அவருக்குப் போதுமாக இருந்தது.

அம்மா காருக்குள்ளேயே இருந்தார். கண்ணாடிக்கு வெளியே அப்பா கண்ணால் கெஞ்சிக்கொண்டு நின்றார். வீட்டில் அக்கா எங்கள் போனுக்காகக் காத்திருந்தாள். அம்மா இறங்கி, கார் பெரிது, யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் இன்னும் கொஞ்சநாள் இழுபட்டிருக்கும். அப்படித்தான் சொல்வார் என்று ஒரு கணம் நினைத்தேன். பாக்கியரத்தினம் கதவுக்குள் தலையை நீட்டினார்.

"எல்லாம் ஒறிஜினல் லெதர் தங்கச்சி, ஜேர்மனியில தைச்சு வந்தது. சட்டை தைக்கிற உங்களுக்குத் தெரியும்தானே. இப்பிடித் தைக்க இஞ்ச ஒருத்தராலயும் ஏலாது."

"ஏலும் அண்ணை" என்றார் அம்மா. "இதைத் தைச்சது நான்."

அவருக்கு விளங்கவில்லை.

"நான் சட்டை தைக்கிறேல்ல. கண்டி வீதியில சீற் தைக்கிறனான். இது றெக்சின். தை மாசம் உங்கட ஆள் லொறியில கொண்டுவந்து போட்டவன். இதுக்குள்ள கிடந்த சேத்தை இந்தக் கையாலதான் அள்ளினனான்." அம்மா இறங்கிவிட்டார். இனி நிறுத்த ஏலாது. "கூரை மூடத் தண்ணிக்குள்ள கிடந்த காருக்கு மாலை போட்டு, தேசிக்காய் வைச்சு, என்ர பிள்ளையின்ர காணியையும் வாங்கிக்கொண்டு, அதுக்குள்ள என்ர பிள்ளையையே இருத்தி அனுப்பப் பார்த்தனீங்களோ? உங்கட மகனும் அதுக்குள்ளதானே இருப்பான். அவனையும் யோசிக்கேல்லயோ?"

"வயரெல்லாம் ஊறினது ஐயா. ஓடிக்கொண்டிருக்கேக்க எங்க நிக்கும் எண்டு சொல்ல ஏலாது" என்றான் றிகாஸ், ஒயில் மூடியைத் திருப்பிப் பூட்டிக்கொண்டே.

பாக்கியரத்தினம் குனிந்து காரின் மாலையைச் சரிசெய்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் பிடிமானம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். கிடைத்துவிட்டது.

"அப்ப நீங்கள் எங்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறியள்."

அப்பா தலையைக் குனிந்தார்.

"ஓம், பொய்தான்" என்றார் அம்மா. "எங்கட பொய்யால ஒருத்தரும் சாகமாட்டினம்."

"காரை எடுக்காட்டி மற்றக் கதையும் இல்லை. யோசிச்சு நடவுங்கோ."

வானில் திரும்பும்போது அப்பா ஒரு வார்த்தைதான் சொன்னார். கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றார். அதற்கு அம்மா சொன்னவற்றை எழுத ஏலாது. றிகாஸ் கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் ஓட்டினான்.

வீட்டு வாசலில் அக்கா நின்றாள். அவளுக்குச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் குரல் இறங்கிப் போயிருந்தது. நீல நூல்வரைக்கும் சொல்லி முடித்தார். அக்கா, "உங்களுக்கு எப்பவும் உங்கட கோபம்தான் பெரிசு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அம்மா கதிரையில் இருந்தார். கோபப்பட அவருக்கு எதிரில் யாரும் இல்லை. அப்படி அவரை நான் கண்டதேயில்லை.

பின்னேரம் கஜீபன் போன் எடுத்தான். அக்கா போனைக் கொண்டுவந்து நடுமேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி ஸ்பீக்கரைப் போட்டாள். நாங்கள் கேட்கிறோம் என்று அவனிடம் சொல்லவில்லை.

"கார் தண்ணிக்குள்ள கிடந்தது உங்களுக்குத் தெரியுமோ?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"அப்பா பார்த்த அலுவல் அது. கொஞ்சம் தெரியும். ஆனா கீர்த்தனி, உங்கட ஆக்களும் மறைச்சவைதானே. ரெண்டும் சரிக்குச் சரி. அப்பாவை நான் சமாளிக்கிறன். நீங்கள் காரை எடுங்கோ, விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுறன். அம்மா பஸ் சீற் தைக்கிற கதையை எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லமாட்டம். அது எங்களுக்குள்ளயே இருக்கட்டும்."

பெருந்தன்மையாகச் சொல்கிறோம் என்று அவன் உண்மையாகவே நம்பினான். குரலில் அது தெரிந்தது. எனக்கு அந்தப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கவேண்டும் போலிருந்தது.

அக்காவின் முகம் அம்மாவின் முகமாக மாறியது. அதே கழுத்து நரம்பு.

"சொல்லுங்கோ" என்றாள். "எல்லாருக்கும் சொல்லுங்கோ. கண்டி வீதியில புஷ்பவதியின்ர கடை எண்டு இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ. எங்கட அம்மாவை மறைச்சு வைச்சு நான் குடும்பம் நடத்தமாட்டன். மண்டபக்காரனுக்கு நானே சொல்லிவிடுறன். வைக்கிறன்."

வைத்துவிட்டாள். கண் நிறைந்திருந்தது, வழியவில்லை. அப்பா தண்ணீர் எடுக்கக் குசினிக்கு ஓடினார்.

அம்மா மட்டும் மேசையில் கிடந்த போனையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள ஏன்டி வைச்சனீ?" என்றார். "எனக்கும் ரெண்டு சொல்லு மிச்சம் இருந்தது."