சுவரில் ஒன்பது பேர்

லிஃப்ட் கதவு திறந்ததும் எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம். ஒன்பது பெண்கள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். கீழே ‘எங்கள் பெண்கள், எங்கள் பலம்’ என்று கொட்டை எழுத்து. நடுவில் கைகட்டி நிற்பவள்தான் பெரியக்கா. படம் ஒட்டி நாலு வருஷம் ஆகிறது. மற்ற எட்டுப் பேரில் ஏழு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது ஓரத்தில் பல் தெரியச் சிரிக்கும் கடுகு மட்டும். படத்தை யாரும் கழற்றவில்லை. பலம் போனால் என்ன, படம் நன்றாகத்தானே இருக்கிறது!

பெரியக்காவுக்கு நாற்பத்திரண்டு வயதுதான். அவளைவிட மூத்த ஆண்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பதினாறு வருஷமாக ஒரே டீம். பஸ் டிக்கெட் பதிவு செய்யும் மென்பொருள் அவர்கள் பொறுப்பு. அது எங்கே மக்கர் பண்ணும் என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் மத்தியானம் டீம் ஆண்கள் மொத்தமும் அவளைக் கூப்பிடாமல் கீழே போய்ச் சாப்பிட்டு, டீ குடித்து, குடித்த இடத்திலேயே முக்கால்வாசி முடிவையும் எடுத்துக்கொண்டு மேலே வரும். “பெரியக்கா, இப்படிப் பண்ணலாம்னு இருக்கோம்” என்பார்கள். இருக்கோம் என்றால் எல்லாம் முடிந்துபோச்சு என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் அவள் தனியாக டிபன் பாக்ஸைத் திறப்பாள். அசைவு இல்லாவிட்டால் தானே அணைந்துவிடும் விளக்கு அந்த மாடியில். சாப்பாட்டுக்கு நடுவே இரண்டு முறை கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். வீட்டிலும் அதே கதைதான். கணவருக்கு வேறு ஊரில் வேலை, மகள் விடுதியில் படிக்கிறாள். ஒரு டம்ளர் அரிசி போட்டாலும் பாதி மிஞ்சும்.

கடுகு இருந்த நாட்களில்தான் விளக்கு அணையாது. ஆள் குள்ளம், கோபம் வந்தால் படபடவென்று வெடிப்பாள், அதனால் அந்தப் பேர். பேச ஆரம்பித்தால் அவள் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அவளும் போய்விட்டால் அந்த மாடியில் பேச்சுத்துணைக்கு ஒரு ஜீவன் இல்லை என்று பெரியக்கா பயந்தாள். வெட்கப்படாமல் சொன்னால், அவளைப் பிடித்து வைத்துக்கொள்ள என்ன வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தாள்.

செய்தும் விட்டாள். அந்த டீமில் ஆளுக்கு ஒரு வாரம் முறை. சிஸ்டம் எப்போது படுத்தாலும் முறைக்காரரின் போனில் அலாரம் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமையானாலும் அதிகாலையானாலும் எழுந்து சரிசெய்ய வேண்டும். தன் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, தோளில் பிள்ளையும் மடியில் லேப்டாப்புமாகப் பெரியக்கா அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும். “நான் பாத்துக்கறேன், நீங்க தூங்குங்க” என்று ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. கடுகு பிள்ளை பெற்றுத் திரும்பி வந்ததும், இவளுக்கு அந்தக் கதி வேண்டாம் என்று நினைத்தாள். கடுகின் முறை வரும்போதெல்லாம் அலாரப் பட்டியலில் தன் நம்பரை அவள் நம்பருக்கு மேலே போட்டுவைத்தாள். முதலில் இவளுக்கு அடிக்கும். இவள் எடுக்காவிட்டால்தான் அவளுக்குப் போகும். இவளாவது, எடுக்காமல் இருப்பதாவது! பத்து மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

“என் வாரம்னா மட்டும் சிஸ்டம் எவ்ளோ சமத்தா இருக்கு பாருங்கக்கா!” என்று கடுகு சிரிப்பாள். பெரியக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டார். “பெரியக்கா, அந்தப் பொண்ணு ராஜினாமா குடுத்துடுச்சு. நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க. பொண்ணுங்களுக்குப் பொண்ணுங்க சொன்னாதான் ஏறும்.”

இந்த வேலையை இதற்கு முன் ஏழு தடவை பெரியக்கா தலையில் கட்டியிருந்தார்கள். பெண்களைத் தக்கவைக்கும் குழுவில் அவளும் உறுப்பினராம்! ஏழு பேரும் “வீட்ல கொஞ்சம் கஷ்டம்க்கா” என்றுதான் சொன்னார்கள். போகும்போது நிரப்பித் தரும் படிவத்திலும் ‘குடும்பக் காரணம்’ என்றே எழுதினார்கள். அவளும் நம்பினாள்.

இரண்டு காபியோடு சின்ன மீட்டிங் அறைக்குள் போனாள். கடுகு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

“பாப்பாவப் பாத்துக்க ஆள் இல்லையா? உங்க மாமியார் ஊருக்குப் போறாங்களா?”

“அத்தை நல்லாத்தான் பாத்துக்கறாங்க. பாப்பாவுக்கு என்னைவிட அவங்களத்தான் பிடிக்கும்.”

“அப்புறம் என்னடி?”

“டீம் லீடு வேலைய எனக்கு அப்புறம் வந்தவனுக்குக் குடுத்துட்டாங்க. ஏன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். பத்து மாசத்துல உங்க பேர்ல சரிபண்ணினதா ஒண்ணுகூட இல்ல, நெருக்கடி வந்தா தாங்குவீங்கன்னு எப்படி நம்பறதுன்னு கேக்கறாரு. என் வாரத்துல ஒண்ணுமே வரலன்னா நான் என்னக்கா பண்றது? நானே போய் உடைச்சு வைக்கணுமா?”

பெரியக்கா சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

வெடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். கடுகு வெடிக்கவில்லை. “எத்தனை தடவ அடிச்சுது?” என்று மட்டும் கேட்டாள்.

“பதினொண்ணு.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா.”

“உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்...”

“கீழ டீ குடிக்கப் போறவங்களும் அப்படித்தானக்கா. நமக்கு எது கஷ்டம்னு அவங்களே முடிவு பண்ணிட்டு மேல வராங்க.”

பெரியக்கா நேரே மேனேஜரிடம் போய், நடந்ததைச் சொல்லி, தப்பு தன்மேல்தான் என்றாள். அவர் அசரவில்லை. “லீடு பேர் மேல போயாச்சு பெரியக்கா, இனி மாத்த முடியாது. ஆனாலும் உங்க மனசு யாருக்கு வரும்!” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மேலிடத்துக்கும் எழுதிப் பார்த்தாள். ‘தகவலுக்கு நன்றி’ என்று பதில் வந்தது. அன்றைக்கே அலாரப் பட்டியலிலிருந்து தன் நம்பரை எடுத்தாள்.

கடுகின் கடைசி வாரம் அவள் முறையாகவே அமைந்தது. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, பிள்ளை பெற்று வந்தபிறகு முதல் தடவையாக அவள் போன் அலறியது. ஊரெல்லாம் டிக்கெட் பதிவு நின்றுபோயிருந்தது. பெரியக்கா எழுந்தவள், மேசையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். இருபத்தைந்து நிமிஷத்தில் கடுகு ஒற்றை ஆளாகச் சரிசெய்தாள். டீம் மொத்தமும் பின்னால் நின்று வாயைப் பிளந்தது. “அடேங்கப்பா, இத்தனை நாள் இதையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்றார் மேனேஜர். கடுகு தண்ணீர் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை போய்விட்டாள். திங்கட்கிழமை குழுவுக்கு அவள் படிவம் வந்தது. காரணம் என்ற இடத்தில் ‘குடும்பக் காரணம்’ என்று இருந்தது. பெரியக்கா உடனே போன் போட்டாள்.

“ஏண்டி இப்படி எழுதின? நடந்தத எழுத வேண்டியதுதான?”

“எழுதினா உங்க பேரையும் எழுதணுமேக்கா. நீங்க அங்கயே இருக்கணும்ல?” பின்னால் பாப்பா அழுதது. “அப்புறம் கூப்பிடறேன்க்கா.”

பெரியக்கா பழைய ஏழு படிவங்களையும் திறந்தாள். ஏழிலும் அதே இரண்டு வார்த்தை. யார் யார் பேரை விழுங்கிவிட்டுப் போனார்களோ! அதில் தன் பேர் எத்தனை தடவையோ! டீம் கீழே போயிருந்தது. விளக்கு அணைந்தது, அவள் கையைத் தூக்கவில்லை. முதலில் போனவளின் நம்பர் இன்னும் போனில் இருந்தது. அழுத்தினாள்.

“பெரியக்காவா? சொல்லுங்கக்கா!”

“ஒண்ணுமில்ல. நீ அன்னைக்கு ஏன் போன? நெசமா சொல்லு.”



“இப்பவாவது கேட்டீங்களேக்கா” என்றாள் அவள்.