சிக்னேவுக்கு இட்ட பெயர்

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க ஊரொன்றில் வாழ்ந்த நெட்ரா பெஹ்யூனின், தன் மார்மன் சபைக்குச் செய்யாத ஊழியமில்லை. பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தாள். பிரசவம் நடந்த வீடுகளுக்கு உணவு சமைத்துக் கொண்டுபோனாள். இறந்த பெண்களுக்கு வெள்ளுடை உடுத்தி அனுப்பினாள். சடங்குகளை நடத்தும் அதிகாரமான குருத்துவம் மட்டும் அவளுக்கு இல்லை. அது பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கிடைக்கும். பெண்ணுக்கு எந்த வயதிலும் கிடைக்காது.

1981-இல் அவள் கணவன் டெல்மர், சுரங்கம் சரிந்து இறந்தபோது அவள் நிறைமாதம். பெண் பிறந்தால் நெட்ராவின் தாய் பெயரான சிக்னேவையே வைப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பெண்தான் பிறந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறன்று சபை முழுதும் உபவாசம் இருக்கும். குழந்தைகளுக்கு ஆசி கூறிப் பெயரிடுவதும் அன்றுதான். குருத்துவம் பெற்ற ஆண்கள் வட்டமாக நின்று, ஒரு கையால் குழந்தையைத் தாங்கி, மறு கையை அடுத்தவர் தோளில் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். தகப்பன் இல்லாததால் அந்தப் பொறுப்பு மாமனார் ஆர்வலுக்கு வந்தது. சிக்னே என்ற பெயரை நெட்ரா அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். தான் ஜெபிக்க வேண்டாம், வட்டத்துக்குள் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றால் போதும் என்று நெட்ரா சபைத் தலைவரான பிஷப்பிடம் கேட்டாள்.

"உங்களுக்குத் தாய்மை, எங்களுக்குக் குருத்துவம். கணக்கு சரியாப் போச்சே, சகோதரி."

"அப்போ அப்பாவா இருக்கறத எந்தக் கணக்குல எழுதுனீங்க, பிஷப்?"

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

ஞாயிறன்று அவள் வெறுங்கையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வட்டத்துக்குள்ளிருந்து ஆர்வலின் குரல் கேட்டது: ஹில்டா. அது அவரைப் பெற்றவளின் பெயர். ஜெபத்தின் நடுவே யாரும் பேசக் கூடாது. சபை ஆமென் சொல்லி முடித்தது.

குழந்தையைத் திருப்பிக் கொடுக்க வந்தவரிடம் அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நாம பேசினது சிக்னே, மாமா."

"அதச் சொல்லத்தாம்மா வாயத் தொறந்தேன். பரிசுத்த ஆவியானவர் ஹில்டான்னு சொல்ல வச்சுட்டார். நான் என்ன பண்றது?"

ஞானஸ்நானத்தில் ஒரு சொல் பிசகினாலும் சாட்சி நிற்கும் ஆண்கள் விடமாட்டார்கள். மறுபடி சொல்லி, மறுபடி தண்ணீரில் முக்க வேண்டும். அங்கே பிசகு என்று பேர் பெறுவது இங்கே தெய்வ வாக்காகிவிட்டது என்பதை நெட்ரா எண்ணிப் பார்த்தாள்.

அன்றைய கூட்டத்தில் ஆசி முடிந்ததும் யார் வேண்டுமானாலும் மேடையேறித் தன் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்லலாம், பெண்களும் சொல்லலாம். நெட்ரா குழந்தையோடு ஏறினாள்.

"இவ பேரு சிக்னே. இவ அப்பாவும் நானும் சேர்ந்து வச்ச பேரு. இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்."

சபை ஆமென் என்றது. ஹில்டாவுக்குச் சொன்ன அதே ஆமென், அதே சுரத்தில். அடுத்து ஏறியவர் மழை பெய்ததற்கு நன்றி சொன்னார். வட்டத்தில் சொன்ன பெயரையே சபைப் பதிவேட்டில் பதியச் சொன்னார் பிஷப்.

வெளியே மாமியார் வில்டா கைநீட்டினாள். "நல்லாத்தான் பேசினே. ஹில்டாவ இப்படிக் குடு, காருக்குத் தூக்கிட்டுப் போறேன்."

நெட்ரா கொடுக்கவில்லை. குழந்தையை அவளிடமே விட்டுவிட்டு, அதன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் போனார்கள். ஊர் அந்தப் பெண்ணை இன்றுவரை ஹில்டா என்றே கூப்பிடுகிறது.